கால் இஞ்சு

மாஸ்டர் தன் ஆயுசில் எத்தனையோ பேருடைய இடுப்பை அளந்திருக்கிறார். அவரை மட்டும் யாரும் அளந்ததில்லை. ஊருக்கெல்லாம் தைப்பவருக்குத் தன் சட்டை என்றால் மிச்சத் துணியில், கண்திட்டமாக வெட்டியதுதான். இப்போது முதல்முறையாக அவருக்கென்று அளவெடுத்து எங்கோ ஒருவர் தைக்கவிருந்தார். அதுவும் வயிற்றுக்குள்ளே போட்டுக்கொள்வதற்கு.

"வயித்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. வெடிச்சா ஆபத்து" என்று டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். "வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்ணா உங்க இதயம் தாங்காது. தொடை இடுக்குல சின்னதா துளை போட்டு, துணிக்குழாய் ஒண்ணை உள்ள அனுப்பி வீக்கத்துக்குள்ள வச்சிருவோம். ஆனா கிட்னிக்குக் கிளை பிரியிற இடத்துலயே வீக்கம் இருக்கு. கிளை அடைபடாம இருக்க துணியில ஜன்னல் வச்சுத் தைக்கணும்."

"ஜன்னல் இல்லீங்க, காஜா" என்றாள் அவர் மனைவி. கடையில் பட்டன் துளையெல்லாம் அவள் கைவேலை.

மாஸ்டருக்கு வேறு கவலை. "ட்ரையல் பாக்க முடியாதா? கால் இஞ்சு கம்மியாப் போச்சுன்னா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கால் இஞ்சுக்காகக் கல்யாணக் கோட்டு முழுவதையும் பிரித்துத் தைத்தவர் அவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'கால் இஞ்சு'தான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, சிரிப்பை மடித்து வைத்தார். "ஒண்ணு சொல்லிடறேன். சில பேருக்கு முதுகுத்தண்டுக்குப் போற ரத்தம் குறைஞ்சு கால் வராமப் போயிரும். உடனே பாத்தா பெரும்பாலும் சரி பண்ணிரலாம். அதான் ஆபரேஷன் முடிஞ்சதும் கால் அசையுதான்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்போம்."

மாஸ்டரின் தையல் மெஷின் காலால் மிதிப்பது. மோட்டார் வைத்தால் துணியோடு பேச முடியாது என்பது அவர் கட்சி. வீட்டுக்குப் போகிற வழியில் மெல்லக் கேட்டார்: "கால் இல்லாமப் போனா என்னை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?"

"காஜா போட வைப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மயக்க மருந்து ஏறியதும் மாஸ்டர் ஒரு பெரிய தையல் அறையில் இருந்தார். கூரை தெரியவில்லை. வெள்ளைத் துணி ஒன்று நீளமாக, முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தைப்பவரின் முதுகுதான் தெரிந்தது. துணி குழாயாக வளைந்தது, குழாய் அறையாயிற்று, மாஸ்டர் அதற்குள் நின்றார். சுவரில் நாலு காஜா. ஒவ்வொன்றின் வழியாகவும் இளஞ்சூடாக வெளிச்சம் வந்து தோளில் விழுந்தது. அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"கால் போச்சு" என்றார். முதுகு திரும்பவில்லை. "கால் கம்மிப்பா. கால் போச்சு."

சொன்னது கனவுக்குள்ளே. வாய் இருந்ததோ, ஆபரேஷன் முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில்.

கட்டிலருகே நின்றிருந்த மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். "கால அசைங்க, இங்க பாருங்க" என்று டாக்டரம்மா கூப்பிட்டது, துணிக்குள்ளே தூரத்துக் கடைத்தெருச் சத்தம்போல அவருக்குக் கேட்டது. வாடிக்கையாளர் யாரோ அவசரப்படுகிறார் போலிருக்கிறது. இவர் அசையவில்லை. டாக்டரம்மா நர்ஸிடம் தணிந்த குரலில் ஏதோ மருந்து சொன்னார்.

"அவசரப்பட்டா எப்படி" என்று முனகினார் மாஸ்டர். "கால் கம்மியா இருக்கு. பிரிச்சுத் தைங்க."

மனைவியின் அழுகை பாதியில் நின்றது. பிரிச்சுத் தைக்கணுமா? இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்து விழுந்து தேய்ந்த வார்த்தை அது. மதியத்தில் மெஷின்மேல் கவிழ்ந்து தூங்கிப்போகிற மனுஷனை எழுப்ப அவளிடம் ஒரே வழிதான் உண்டு. போர்வையை விலக்கினாள். ஒரு கணம் கை வரவில்லை. அடித்தும் அசையாவிட்டால்?

பிறகு, உள்ளங்காலில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அப்புறம் குதிகால், முன்கால், குதிகால், முன்கால் என்று மெல்ல மிதிக்கத் தொடங்கியது. மற்றக் காலும் சேர்ந்துகொண்டது.

"தொடையில துளை போட்டிருக்கு, காலை நேரா வைக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரலிலும் ஈரம் இருந்தது.

மனைவி இரண்டு பாதங்களையும் கைகளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். கனவில் முதுகு காட்டியிருந்தவர் மெதுவாகத் திரும்பினார். பார்த்தால் அவள்தான், வாயில் நூல், கையில் ஊசி.

"சரியா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

வாடிக்கையாளரிடம் அவர் ஆயுசு முழுக்கக் கேட்ட கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் மறுபடி அளக்கவில்லை.

"சரியா இருக்கு" என்றார். இந்தத் தடவை வாயும் கனவும் ஒரே இடத்தில் இருந்தன.