குளிப்பாட்ட ஒருத்தி

கட்டுகஸ்தோட்டையில் ஆஸியா உம்மாவுக்குத் தலைக்கனம் என்று ஒரு பேச்சு இருந்தது. சும்மா கிளம்பிய பேச்சில்லை. ஊர் அதற்குச் சாட்சியெல்லாம் வைத்திருந்தது. கல்யாண வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று, பெண்ணின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பிவிடுவாள். பாயில் உட்காரமாட்டாள். ஆறு பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சோறு தின்கிற ஊரில், "எனக்கு வயிறு சரியில்ல" என்று ஒருத்தி வருஷக்கணக்காகச் சொன்னால் யார் நம்புவார்கள்? போதாததற்கு எப்போது பார்த்தாலும் மேலெல்லாம் அத்தர். புருஷன் மௌத்தாகிப் போன பிறகும் அத்தர். "கடக்காரர்ட பொண்டாட்டி, எங்கட கை பட்ட சோத்த தின்னுவாவா?" என்பாள் கைரியா. கைரியா ஒன்றைச் சொன்னால் மகாவலிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் கேட்கும், அந்தப் பக்கமும் கேட்கும்.

ஊர் நினைத்தது அப்படி. உள்ளது வேறு. கடைசிப் பிள்ளையைப் பெற்ற பிறகு ஆஸியா உம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் பாரமான வேலை செய்த நாளில் மட்டும் கீழே எதுவோ கனத்து நிற்கும். பிறகு இருமினால், தும்மினால், குடம் தூக்கினால். கொஞ்சம் கொஞ்சமாக அது வெளியே தலைகாட்டியது. இரவில் படுத்தபடி கையாலேயே உள்ளே தள்ளிவிட்டுத் தூங்குவாள். விடிந்து நாலு எட்டு நடந்தால் மறுபடியும் வந்து நிற்கும். சிறுநீர் அவள் சொல்லைக் கேட்பதை விட்டுவிட்டது. பழைய சாரத்தைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டாள். வாடை தெரியாமலிருக்க அத்தர். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்து முடிப்பதற்குள் அது முறிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, தொழுத பேருக்குத் தொழுதுவிட்டு அழுவாள். புருஷனிடம் அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எந்த வாயால் சொல்வது, எந்தப் பெயரைச் சொல்லிச் சொல்வது?

அவளுக்குச் சிநேகிதி என்று இருந்தவள் றமீஸா ஒருத்திதான். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள். றமீஸா வத்தேகமைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் மாதம் ஒரு தடவையாவது ரயிலேறி வந்துவிடுவாள். வந்தால் வீடு இரண்டுபடும். அப்படிச் சிரிக்க வைப்பாள். அந்தச் சிரிப்புத்தான் கடைசியில் வினையாக முடிந்தது. றமீஸாவின் மகள் கல்யாணத்தில், அவளுக்காக அன்றைக்கு மட்டும் ஆஸியா உம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். சஹன் வைத்து, சோற்றில் கை வைக்கப் போகிற நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் தொப்பியைப் பற்றி றமீஸா காதுக்குள் என்னவோ சொல்ல, ஆஸியா உம்மா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கீழே நனைந்தது. கட்டியிருந்த துணி தாங்கவில்லை. சால்வையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தவள், யாரிடமும் ஒரு சொல் பேசாமல் வெளியேறி ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வைத்த சஹனை விட்டு எழுந்து போவது அந்த வீட்டாரின் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அதன் பிறகு றமீஸா வரவில்லை. வராததில் என்ன அதிசயம்! ஆஸியா உம்மாவும் போகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இந்த வருஷம் பெருமழை விட்ட கையோடு, ஒரு காலையில் அது உள்ளே போகமாட்டேன் என்றது. என்ன செய்தும் போகவில்லை. துணி உரசிப் புண்ணாகி இரத்தம் காட்டியது. ஆஸியா உம்மா முழங்காலுக்கு மருந்தெடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே கண்டிக்குப் போனாள். அங்கே பெண்களைப் பார்க்க ஒரு பெண் டொக்டர் இருக்கிறார் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"கடைசிப் புள்ள பொறந்ததுல ஈந்து."

"அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"அவனுக்கே மூணு புள்ள ஈக்கி."

டொக்டர் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு வளையத்தை உள்ளே வைத்துப் பார்த்தார். எழுந்து நின்றதும் அது நழுவி விழுந்தது.

"இனி வளையம் நிக்காது. ஒப்பரேஷன் செய்து தைச்சால் சரிவரும். மயக்க மருந்து குடுக்கிறது, உங்கட வயசுக்குக் கொஞ்சம் பயம்தான், நான் மறைக்கேல்லை. செய்யாட்டில் இந்தப் புண் ஆறாது. மகன் வந்து ஓம் எண்டு சொல்ல வேணும். யோசிச்சுப்போட்டு வாங்கோ."

ஆஸியா உம்மா யோசித்தாள். சமைக்கும்போது யோசித்தாள், கதிரையில் தொழும்போது யோசித்தாள். ஒரு நாளாவது நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்ய வேண்டும். நாலு பேரோடு பயமில்லாமல் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மௌத்துக்கு அவள் பயப்படவில்லை. மௌத்தானால் குளிப்பாட்டுவார்களே, அதற்குத்தான் பயந்தாள். அந்தப் பக்கத்தில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள் கைரியா. மய்யித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது என்பது மார்க்கம். கைரியாவுக்கு மார்க்கம் தெரியும். வாய்தான் அவள் சொல்லுக்கு அடங்காது. இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்ததை, வெட்டுக் காயத்தோடு, கைரியாவின் கண்ணுக்கு முன்னால் மல்லாத்திப் போடுவதா? ஒப்பரேஷன் செய்யாவிட்டாலும் ஒருநாள் சாகத்தான் வேண்டும், அப்போதும் கைரியாதான் வருவாள்.

குளிப்பாட்ட ஒருத்தி வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஒரு முகம்தான் வந்தது. வெட்கம் மானம் பார்க்காமல் வத்தேகமைக்கு ரயிலேறினாள்.

றமீஸா சந்தைக்குப் பின்னாலுள்ள மகள் வீட்டில், உள் அறைக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. யாரோ வந்து நிற்கிற அரவத்துக்கு முகத்தைத் தூக்கினாள்.

"ஆஸியா ராத்தாவா?"

"எப்பிடிக் கண்ட?"

"இந்த அத்தர இப்பிடி ஊத்திக்கொள்ள வேற ஆரு ஈக்கிய? இரிங்கொ."

ஆஸியா உம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றிவளைத்துப் பேசிப் பேசிக் கடைசியில் சொல்லாமலே திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். மகள் தேத்தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குப் போனதும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"றமீஸா, நான் ஒப்பரேஷனுக்குப் போறேன். மௌத்தாகினா என்ன நீதான் குளிப்பாட்டோணும். கைரியா கிட்ட வரப்படாது. இதத்தான் கேக்க வந்த."

இடிக்கிற சத்தம் நின்றது. றமீஸா என்ன நோய் என்று கேட்கவில்லை. ஏன் கைரியா வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அது ஆஸியா உம்மாவுக்கு என்னவோ செய்தது.

"என்னத்துக்கெண்டு கேக்க மாட்டியா?"

"எனக்குத் தெரியும் ராத்தா."

"என்ன தெரியும் ஒனக்கு?"

"அண்டைக்கு நீங்க எழும்பிப் போன பொறகு அந்தப் பாய நான்தான் சுருட்டின. தண்ணிச் செம்பு கவுந்துட்டுதெண்டு எல்லாருக்கும் சென்ன. பொறகு ஆத்துக்குக் கொண்டுபோய்க் கழுவின."

ஆஸியா உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீ கோவத்துல வராம ஈக்கல்லயா?"

"ஒங்களோட எனக்கென்ன கோவம்? நான் வந்தா ஒங்களுக்கு வெக்கமா ஈக்குமே. என்ட மொகத்தப் பாக்கக்குள்ள எல்லாம் அந்தப் பாய்தானே ஞாபகம் வரும். அதான் வரல்ல."

ஆஸியா உம்மாவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். பத்து வருஷம்! புருஷன் மௌத்தான வீட்டில், வெளியே போகாமல் இத்தாவிலிருந்த மாதங்களில், சுவரைப் பார்த்துப் பேசிய பத்து வருஷம்! "பாயக் கழுவத் தெரிஞ்ச ஒனக்கு என்னட்ட வந்து ஒரு வார்த்த செல்லத் தெரியல்லயா?" என்று கத்தினாள். அடுப்படியில் கோப்பைச் சத்தம் அடங்கிப்போனது.

"செல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க ராத்தா?"

என்ன செய்திருப்பாள்? பொய் என்று சத்தியம் செய்திருப்பாள். யாரைப் பற்றி என்ன பேசுகிறாய் என்று சீறியிருப்பாள். பிறகு செத்தாலும் இந்த வாசலை மிதித்திருக்கமாட்டாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. கோபித்துக்கொள்ளக்கூட ஆளில்லாமல் போன அந்த நிமிஷம் போல் ஒரு தனிமையை அவள் அதுவரை கண்டதில்லை.

றமீஸா கையை நீட்டித் தடவி அவள் முந்தானையைப் பிடித்தாள். "மௌத்தானா நான் வாறேன். கண்ணில்லாட்டியும் கை ஈக்கி. ஆனா என்ன அதுக்குக் கூப்புட வச்சிராதீங்கொ. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒங்களுக்குப் பக்கத்துல நிக்க எனக்கு வழியில்ல, என்னயே ஒருத்தர் புடிச்சி நடத்தோணும். வீட்டுல செல்லுங்கொ ராத்தா. வாயத் தொறந்து செல்லுங்கொ."

அடுத்த நாள் பகல் மகன் ஸெய்னுலாப்தீன் கடையிலிருந்து சாப்பிட வந்தான். மருமகள் ஹபீலா சோறு போட்டுக் கறி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆஸியா உம்மா மேசைக்கு எதிரே வந்து நின்று, இறங்கியது எது, எத்தனை காலமாக, டொக்டர் என்ன சொன்னார் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் காது மடல் சிவந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, தலையைத் தூக்கவில்லை. ஹபீலா கரண்டியும் கையுமாக அசையாமல் நின்றாள்.

கடைசியில் அவன் சொன்னான்: "செய்வோம் உம்மா. நாளைக்கே போய் டொக்டர்ட்ட நான் செல்லிட்டு வாறேன். ஆனா வெளிய ஆரும் கேட்டா வயித்துல கட்டியெண்டு செல்லுவோம்."

"வேணாம்."

"உம்மா, கடைக்கு நாலு பேர் வாற எடம்..."

"கேட்டா உள்ளதச் செல்லு மகன். புள்ள பெத்த ஒடம்பு, எறங்கிப் போச்செண்டு செல்லு. நான் ஒண்டும் களவெடுக்கல்ல."

அவன் பாதிச் சோற்றோடு கை கழுவிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் சொன்னபடி கண்டிக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தான். ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் எல்லாரும் கால் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நாளுக்கான துணிகளை ஆஸியா உம்மா தனியாக உட்கார்ந்து மடித்தாள். வாய் திறந்து என்ன கண்டோம் என்று ஒரு தடவை நினைத்தாள். முன்பு ஊருக்குத்தான் அந்நியமாக இருந்தாள், இப்போது வீட்டுக்கும் ஆகிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவன் விடியவே கடைக்குப் போய்விட்டான். பின்னேரம் வந்து பார்ப்பானாம். கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஹபீலா துணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தாள். பாலம் வரும்வரை மாமியும் மருமகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹபீலா பேச்சுக்காரிதான், அன்றைக்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. ஆஸியா உம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல நடந்தாள். ஒவ்வொரு எட்டும் எரிந்தது.

கண்டி பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றான். ஆஸியா உம்மா பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள். ஹபீலா அதைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தாள்.

"மாமி," என்றாள். "எனக்கும் அதேதான் மாமி. இந்தச் சின்னவன் பொறந்ததுல ஈந்து. நீங்க அண்டைக்கு மேசையில செல்லும் வரைக்கும், எனக்கு மட்டுந்தான் இப்பிடியெண்டு நெனச்சிட்டு ஈந்தேன்."

ஆஸியா உம்மா அவளைப் பார்த்தாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கிணற்றடியில், இந்தப் பெண்ணும் துணியை ஒளித்துத் துவைத்துக்கொண்டா இருந்தாள்? பஸ்ஸின் படியில் வைத்த காலை எடுத்தாள். எதிர்ப்பக்கத்துக் கடை வாசலில் கைரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும். மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒருவர்கூடக் கேட்காததைக் கேட்டாள்.

"நோகுதா, புள்ள?"

ஹபீலா நடுத்தெருவில் நின்று அழுதாள். கொண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு மணியடித்தான். அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள்.