ஊறவைக்காத புண்ணாக்கு

கால் முறிந்து கட்டிலோடு கிடந்தாலும் கணவருடைய வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்; அதைப் பார்த்தபடியே மீன்குளத்தை ஆண்டுகொண்டிருந்தார். ராத்திரியே புண்ணாக்கை ஊறவை, காலையில் தவிடு போட்டுப் பிசை, ஓட்டை போட்ட சாக்கில் அடைத்துக் குளத்து மூங்கில் கழியில் கட்டு. ஒருநாள் தவறினாலும் கெண்டை இளைத்துவிடுமாம். அந்தக் கெண்டையை நம்பித்தான் வீடே இருந்தது.

மனைவி தலையாட்டுவாள். சமையல், துணி, அவருக்கு உடம்பு துடைப்பது, எல்லாம் முடிந்த பிறகு இந்தப் பிசையல். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. முந்தாநாள் சாக்கை மேலே இழுத்தால் தீனி போட்டது போட்டபடி இருந்தது. என் கைப்பக்குவம் மீனுக்குக்கூடப் பிடிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டு, அதைக் கரையில் கொட்டிவிட்டு, புதுத் தீனியைக் கட்டாமலே உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். வீட்டுக்கு வந்து, போட்டாச்சு என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். அன்று ராத்திரி புண்ணாக்கை ஊறவைக்கவே இல்லை. மறுநாளும் அதே 'போட்டாச்சு'தான்.

இன்று காலை அடுத்த குளத்தில் மீனெல்லாம் செத்து மிதந்தன. அடித்துப் பிடித்துத் தங்கள் குளத்துக்கு ஓடிப் பார்த்தாள். இவர்களுடைய கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தாலும், உயிரோடு இருந்தன.

கேட்டதும் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, வேளாவேளைக்குத் தீனி விழுந்தா அந்தத் தெம்பே வேற. இன்னைக்கு ரெட்டைப் பங்கா போடு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பெயர். ஆனால் அடுத்த குளத்துக்காரர் இத்தனை நாளும் கூடை கூடையாகத் தீனி கொட்டியதை அவள் பார்த்திருந்தாள். ரெட்டைப் பங்கு போட்டால் இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"நான் நேத்தும் போடல, முந்தாநேத்தும் போடல. முடியல. கரையிலயே தூங்கிட்டேன்."

திட்டு விழும் என்று நின்றாள். அவர் சுவரையே பார்த்தார்.

"வானம் எப்படி இருக்கு?"

"மூடிக்கிட்டே இருக்கு. நாலஞ்சு நாளா வெயிலே இல்ல."

"மூடாப்புல மீன் தின்னாது. மிச்சத் தீனி அழுகினா தண்ணியில மீனுக்கு மூச்சு முட்டும். வானம் மூடியிருக்குறத ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. தீனி போட்டாச்சான்னு மட்டும்தான் கேட்டீங்க."

சுவரிலிருந்து பார்வையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மோட்டாரப் போட்டு புதுத்தண்ணி விடு. வெயில் வர்ற வரைக்கும் தீனி வேணாம். நீ போய்ப் படு."

அவர் விழுந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. அழுகை வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து பாயை விரித்தாள். அழுது முடிக்கும் முன்பே தூங்கிப்போனாள்.