சுவரோரத்து மனோரஞ்சிதம்

கோதண்டம் முதலில் ஆசிட்டைத்தான் ஊற்றினார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட். காட்டுப்பாக்கத்தில் அவர் வீட்டுக்கும் ஜெயசீலி வீட்டுக்கும் நடுவே மார்பளவுச் சுவர். அதன் மேலிருந்து பாட்டிலைச் சாய்த்துவிட்டுப் போனார். ஒரே பகலில் ஜெயசீலியின் மனோரஞ்சிதச் செடியில் இரண்டு கிளைகள் கருகின.

ஜெயசீலி கருகியதை வெட்டி எறிந்தாள். ஆசிட் இறங்கிய மண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டு, புது வண்டலும் சாணியெருவும் போட்டு, மேலே தேங்காய் நாரால் மூடினாள். வெயில் விழாத அந்தச் சுவரோரச் சந்தில் மூன்று வருடமாக மண் காயவிடாமல் வளர்த்த செடி. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் கையால் வளர்வது அது ஒன்றுதான். இந்தக் கோடையில் முதன்முறையாக மொட்டு வைத்திருந்தது. மே மாதத்துக்குள் முதல் பூவை மாதா படத்துக்கு வைப்பதாக நேர்ந்திருந்தாள்.

மறுநாள் கோதண்டம் சுவரருகே வந்து நின்றார்.

"இந்தாம்மா, இந்த வாசனைக்கு நாகம் வரும். இங்க நெல்லு வயலா இருந்தப்போ எங்கப்பன் கடிபட்டு, நுரை தள்ளி, என் மடியில செத்தாரு."

"இங்க பாம்பு வந்துச்சாண்ணே? பாத்தீங்களா?"

"பாத்துட்டு வந்து சொல்றதுக்கு ஆளு இருந்தா சரி."

ஜெயசீலியின் கணவன் அந்தோணிராஜ் சிரித்தான். "அண்ணாத்தே, உங்க ஊட்டு ஏசி தண்ணியும் இங்கதான் சொட்டுது. அதைக் குடிச்சுதான் வளருது. உங்களுக்கும் புள்ளைதான்."

கோதண்டம் செடியின் மேல் காறித் துப்பினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிடு. இல்லாட்டி நான் வெட்டுவேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் சந்து முழுக்கப் பழுத்த பழத்தின் வாசனை. பூ விரிந்துவிட்டது. ஆனால் மனோரஞ்சிதப் பூ இலையின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். கண்ணால் தேடிப் பயனில்லை, கையை விட்டுத் துழாவ வேண்டும். அந்தோணிராஜ் சுவரோரம் குந்தி, செடிக்குள் கையை நுழைத்துத் துழாவினான். ஜெயசீலி பக்கத்தில் களைக்கொத்தால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற கோதண்டத்துக்கு இவர்கள் தலை தெரியவில்லை. இலைகள் நெளிவது மட்டும் தெரிந்தது. அவர் அரிவாளை ஓங்கி இறக்கினார்.

அந்தோணிராஜின் இரண்டு விரல்கள் நார் மேல் விழுந்தன. அவன் முதலில் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் அலறினான்.

ஜெயசீலி எழுந்த வேகத்தில் களைக்கொத்தைச் சுவருக்கு மேலாக ஓங்கி இறக்கினாள். அது கோதண்டத்தின் தோளைக் கிழித்தது. "பாம்புன்னு நெனச்சேம்மா," என்றார் அவர். அது அவள் காதில் விழுந்தது. விழுந்த பிறகும் அடித்தாள். இந்த முறை தாடை. எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது, கோதண்டத்தின் மனைவி நாகம்மாள் ஓடிவந்து அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். களைக்கொத்து சுவரில் பட்டுக் காரை தெறித்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டத்தின் தாடைக்குக் கம்பி கட்டியிருந்ததால் நாகம்மாள்தான் பேசினாள்.

"கேஸு வாணாம் சார். ரெண்டு பக்கமும் ரத்தம் போச்சு. அந்தச் செடி மட்டும் போவணும்."

எஸ்.ஐ. தாளை ஜெயசீலி பக்கம் தள்ளினார். "செடியை வேரோட எடுக்கச் சம்மதம்னு எழுதிக் குடும்மா. எல்லாரும் ஊட்டுக்குப் போலாம். இல்லன்னா உன் மேலயும் கேஸு, அவர் மேலயும் கேஸு. ரெண்டு பேரும் உள்ள போவீங்க."

"எழுது சீலி," என்றான் அந்தோணிராஜ்.

அவள் பேனாவைத் தொடவில்லை. "விரலை வெட்டுனதுக்கு வேணா அவரை விட்டுடறேன் சார். செடியை விடமாட்டேன்."

"எனக்குக் கை போச்சுடி. நீயும் உள்ள போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"பூத்துக்கினு கீது. இப்பப் போயி வெட்டச் சொல்றியா?"

அந்தோணிராஜ் கட்டுப் போடாத இடது கையால் அவளை அறைந்தான். நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. உதட்டிலிருந்து வழிந்த ரத்தத்தை ஜெயசீலி துடைக்கவில்லை. தாளை எடுத்து எஸ்.ஐ. பக்கமே திருப்பி வைத்தாள்.

"கேஸே போடுங்க சார்."