செல்லுபடியாகும் நூற்றுத் தொண்ணூறு

டாக்டர் மெஹருன்னிசாவின் கைபேசியில் இருக்கும் செயலி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் ரத்த அழுத்தத்தை விட்டுவிட்டு வேறொருவருடையதைச் சொல்லும். டாக்டர்கள் பயன்படுத்தும் செயலிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. பாதரசக் கருவியோடு அவருடைய கிளினிக்குக்குப் போனேன்.

பஸ் கண்டக்டர் இசக்கிமுத்து தலைவலி என்று வந்திருந்தார். கைபேசி கேமராவின் மேல் விரலை வைத்தார். செயலி நூற்றுத் தொண்ணூறு என்றது. என் கருவி நூற்றிருபது என்றது.

"அப்ப அந்த நூத்தித் தொண்ணூறு யாருக்கு?" என்று கேட்டார்.

டாக்டர் திரையைத் தள்ளிப் பார்த்தார். "ஞானதுரை. பேண்டு செட்ல டிரம்பெட் ஊதுறவர். இப்ப ஒரு கல்யாண ஊர்வலத்துல இருக்காரு. இந்த அழுத்தத்தோட ஊதினா ஆளுக்கே ஆபத்து. சீக்கிரம் போங்க."

இசக்கிமுத்து தன் பஸ்ஸிலேயே என்னை அழைத்துப் போனார். பயணிகள் தாங்கள் இறங்குவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஊர்வலம் பெட்ரோல் பங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஞானதுரை முகம் சிவக்க ஊதியபடியே இடது கையை நீட்டினார். நூற்றுத் தொண்ணூறு. செயலியில் பிழை இல்லை.

டாக்டர் கொடுத்தனுப்பிய மாத்திரையை நீட்டினேன். பாட்டை நிறுத்தினார்.

"இதப் போட்டா நாக்கு வறண்டுரும் மேடம். அப்புறம் எப்படி ஊதுறது? எனக்கு வேற தொழில் தெரியாது."

டாக்டரை அழைத்துச் சொன்னேன். "இசக்கிமுத்து விரல்லதான அது தெரியுது? அவரு உப்பைக் குறைக்கட்டும்," என்றார்.

இசக்கிமுத்துவுக்கு மாங்காய் ஊறுகாய் என்றால் உயிர். பாட்டு நின்றுவிட்டதால் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நின்று அவரையே பார்த்தார்கள்.

"சரிண்ணே," என்றார் ஞானதுரையிடம். "நீங்க ஊதுங்க. ஊறுகாய நான் விட்டுர்றேன்."

அழுத்தம் இறங்கும்வரை தாலாட்டு மட்டும் ஊதச் சொன்னேன். பெண்ணும் மாப்பிள்ளையும் பூ வைத்த காரிலேயே தூங்கிவிட்டார்கள். அவர்களை எழுப்பாமல் கல்யாணம் நடந்தது.

இசக்கிமுத்து வீட்டில் ரசத்துக்குக்கூட உப்புப் போடுவதில்லை. ஆவணி பிறந்தபோது ஞானதுரையின் முகச் சிவப்பு போய்விட்டது. அழுத்தமும் நூற்று முப்பதுக்கு வந்தது. முகூர்த்த நாட்களில் அவர் தூக்குவாளியில் பாயசம் கொண்டுவந்து இசக்கிமுத்துவிடம் கொடுப்பார். பிறகு விசிலுக்குப் பதிலாக ஒரு வரி ஊதுவார். பஸ் கிளம்பும். அதைப் பார்க்கவே நான் சில நாள் அந்தப் பக்கம் போவேன்.

செயலி துல்லியமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்ததாக, கர்ப்பகாலச் செயலி ஒன்றைச் சோதிக்கச் சொன்னார்கள். துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்துக்கு ஏழாம் மாதம் என்று அது காட்டியது. நான் போனபோது காவலர் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்தார்.

"படியில மெதுவா ஏறுங்க மேடம். இப்பத்தான் கண்ணசந்துச்சு."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொண்டே ஏறினேன்.