மூன்று வருடக் கடல்

புள்ளியியல் துறையில் அவரைச் சராசரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக மட்டும் ஒரு 'சார்' சேர்ந்துகொள்ளும். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா..." என்று ஆரம்பிக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆளும் அதற்கேற்றபடிதான், பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கண்ணில் படமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலையில் மாலுமியாகிவிட்டார்.

ஆக்கியது தகவல் பிரிவு அம்மாள். பல்கலைக்கழக இணையதளத்தில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. எங்கே படித்தார், எங்கெங்கே வேலை பார்த்தார், இங்கே எப்போது வந்தார் என்கிற விவரமெல்லாம் அதில் இருக்கும். அம்மாளுக்குப் புதுப் பக்கம் தொடங்கும் வழக்கமே கிடையாது. கடைசியாக முடித்தவரின் பக்கத்தை நகலெடுத்து, அதன் மேலேயே வரிவரியாக அடுத்தவரின் வாழ்க்கையை எழுதிவிடுவாள். சராசரிக்கு முன்னால் முடித்தது கேப்டனின் பக்கம். கேப்டன், கடல்சார் சட்டம் நடத்துகிறவர். அதற்கு முன்பு சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். சராசரியின் விவரத்தில் நடுவே மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தது. மேலே எழுத எதுவும் இல்லாததால் கேப்டனின் வரி அழியாமல் தங்கிவிட்டது. சராசரி மூன்று வருடம் சரக்குக் கப்பலில் பணியாற்றினார் என்று உலகம் படித்தது.

உண்மையில் அந்த மூன்று வருடம் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதே அபூர்வம். பிரசவத்தில் மனைவி கண்மூடிவிட, கையில் பச்சைக் குழந்தையோடு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். மகளுக்கு மூன்று வயதானபோது இந்த ஊரில் வேலை கிடைத்தது. அவளை அக்கா வீட்டில் விட்டார். பதவி உயர்வு நேர்காணல்களில், "இந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள். "சொந்தக் காரணம்" என்பார். கூடச் சேர்ந்தவர்கள் துறைத்தலைவர் ஆனார்கள், இவர் போட்ட இடத்திலேயே இருந்தார். மகளிடம் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. தன்னால்தான் அப்பாவின் பிழைப்பு கெட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடக் கூடாதே! அவளோ, பிறந்ததிலிருந்தே தன்னை வளர்த்தது அத்தை என்றும், அப்பா விடுமுறைக்கு வந்துபோகிற ஆள் என்றும் நம்பி வளர்ந்தாள். கல்யாணமாகிப் போன பிறகும் விசேஷத்துக்கு ஒரு போன், அதிலும் நாலு வார்த்தை.

வரியைத் திருத்தச் சொல்ல அவர் கிளம்பியபோதுதான், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மகள் அழைத்தாள்.

"அப்பா, நீங்க கப்பல்ல இருந்தீங்களா? அதனாலதான் என்னை அத்தைகிட்ட விட்டீங்களா? ஒரு வார்த்தை சொன்னதே இல்லையே! கடல் எப்படிப்பா இருந்துச்சு?"

அந்தக் குரலில் இருந்த ஆசையை அவர் அதுவரை கேட்டதில்லை. "பெருசா இருந்துச்சு" என்றார். வேறென்ன சொல்வார் பாவம்! மறுநாளும் அழைத்தாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வகுப்பு முடியும் நேரத்துக்கு அழைத்தாள். தகவல் பிரிவின் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்த வரி போனால் மகளும் போய்விடுவாள்.

கேப்டனுக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? சிரித்துக்கொண்டே வந்து நின்றார். "எந்தக் கப்பல் சார் நீங்க?"

சராசரி ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்ல நான் கப்பல்னு ஆரம்பிச்சாலே டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க. உங்ககிட்ட கேக்க ஒரு ஆள் இருக்கு. எடுத்துக்குங்க சார், எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

மத்தியானங்களில் கேப்டன் சொல்லச் சொல்ல, சராசரியின் அறை கரையை விட்டு விலகத் தொடங்கியது. மின்விசிறி எங்கோ கீழ்த்தளத்து எஞ்சினாக முனகியது. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி மெல்ல நீலமாகி, ஏறி இறங்கியது. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட, பெஞ்சுகள் வரிசையோடு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதாகப் பட்டது. காற்றே இல்லாத நாளில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்குமாம், வானம் எங்கே முடிகிறது என்று தெரியாதாம். சாயங்காலம் அதை மகளிடம் சொல்லும்போது தானே கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்ததாக அவருக்கு நினைவே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

ஒரு நாள் அவர் போனில் கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு ஆறு மாதக் குழந்தை. பின்னால் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"நீங்க என் வயசுல உலகத்தையே பாத்துட்டீங்க" என்றாள். "என்னைப் பாருங்க. வேலையை விட்டாச்சு. இவன் அழறான், தூங்கறான், திரும்ப அழறான். நாலு சுவத்துக்குள்ளயே ஒண்ணுமில்லாம போயிடுவேன்னு பயமா இருக்குப்பா."

மகளைக் கொண்டுவந்து சேர்த்த பொய்யே இப்போது அவளைக் குத்துகிறது. சொன்னால் போனை வைத்துவிடுவாள், திரும்ப எடுக்கவே மாட்டாள். சொல்லாவிட்டால் அந்த அறையில் அவள் தனியாகக் கிடப்பாள்.

"கண்ணு, நான் கப்பல் ஏறினதே இல்ல. அது யாரோ தப்பா போட்ட வரி."

குழந்தையின் அழுகையை மீறி அவள் கேட்டாள்.

"அப்ப அந்த மூணு வருஷம்?"

"உன்னோட இருந்தேன். நாலு சுவத்துக்குள்ளதான். நீ அழுவ, தூங்குவ, திரும்ப அழுவ. நானும் ஒண்ணுமில்லாம போயிடுவேன்னுதான் பயந்தேன்."

"அத்தை?"

"அத்தைகிட்ட விட்டப்ப உனக்கு மூணு வயசு. அதுக்கு முன்னாடி நீ யாருகிட்டயும் போகமாட்ட."

"ஏம்ப்பா சொல்லல?"

"உன்னால என் வேலை போச்சுன்னு நெனச்சுடுவியோன்னு."

"போச்சா?"

"போச்சுதான். ஆனா எந்த வருஷம் திரும்ப வேணும்னு கேட்டா, அந்த மூணைத்தான் கேப்பேன்."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. குழந்தையின் சத்தம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "என்னை எப்படித் தூக்குவீங்க? இவன் நிறுத்தவே மாட்டேங்கறான்."

அவர் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"தலையைத் தோள்ல சாச்சுக்கோ. அவன் காது உன் கழுத்துல படணும், நீ பேசறது அவனுக்கு உள்ள கேக்கும். இப்ப ஒரு கால்லருந்து இன்னொரு காலுக்கு மாறு. மெதுவா. இன்னும் மெதுவா."

சொல்லிக்கொண்டே அவரும் அசைந்தார், வெறுங்கையை மார்போடு அணைத்தபடி. ஜன்னலுக்கு வெளியே புல்வெளி வெறும் புல்வெளியாகவே இருந்தது. அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகியது.

"தூங்கிட்டான்பா" என்றாள் ரகசியமாக.

"சரி கண்ணு, வெச்சுடறேன்."

"வெக்காதீங்க."

அவர் வைக்கவில்லை. அந்தச் சின்ன மூச்சை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.