ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர்

தங்கை வீட்டுச் சமையலறையில் குழாய் ஐந்து நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நீலப் பெட்டி, அதற்குள் வரிசையாகப் பாட்டில்கள். குடிநீர் வாரியத்தில் மாதிரி எடுக்கிற வேலை அவருக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊரில் பத்து வீடுகளில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். அந்தப் பத்தில் தங்கை வீடும் ஒன்று. தெருவில் அவருக்குப் பெயர் பாட்டில்காரர்.

“போதும்ணே. தண்ணி பிடிக்க வந்தியா, இல்ல ஊர்த் தொட்டியைக் காலி பண்ண வந்தியா?” என்றாள் தங்கை.

“நின்ன தண்ணி குழாயோட தண்ணி. ஓடுற தண்ணிதான் வாரியத்தோட தண்ணி. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க.” பாட்டிலை நிரப்பி மூடி, பெயர்ச்சீட்டை ஒட்டினார். பிறகு ஒரு டம்ளரில் பிடித்து மடக் மடக்கென்று குடித்துக் காட்டினார். “இதைவிட நல்ல தண்ணி எங்க கிடைக்கும்? கேன் தண்ணி வாங்குறவங்கள்லாம் பைத்தியம்.”

“அதான் உன் பேச்சைக் கேட்டு எப்பவோ நிறுத்திட்டேனே. நீ சோதிக்கிற தண்ணிய நானே குடிக்கலன்னா வேற யாரு குடிப்பா?”

மேசைக்கு அடியில் அவளுடைய மகள் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. ஒன்றரை வயதிலேயே பேசித் தீர்த்தவள் என்பதால் மாமா வைத்த பட்டப்பெயர் வாயாடி. இன்றைக்கு மாமா வந்ததே அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். “என்னடி, மாமாகூட டூவா?” என்று குனிந்து கேட்டார். பதில் இல்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிருமி இருக்கிறதா, குளோரின் போதுமா என்று பார்ப்பதற்காகத்தான் குழாயை ஓடவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அதில் தப்பில்லை. பிறகு ஈயத்தையும் சோதிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதற்குத் தனியாக இன்னொரு பாட்டில் எதற்கு என்று இருக்கிற பாட்டிலிலேயே அதையும் பார்த்துவிட்டார்கள். அந்த ஊரில் ஈயம் ஆற்றிலிருந்து வரவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கிற பழைய ஈயக் குழாயிலிருந்து இறங்குகிறது. ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் நின்ற தண்ணீரில்தான் அது ஏறிக் கிடக்கும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஓட்டிவிட்டு, அப்புறம் வருகிறதைப் பிடித்து ஈயம் இல்லை என்று எழுதினால்? திருடனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு வீட்டைச் சோதனை போடுகிற கதைதான். பதினெட்டு வருடம் அவர் இதைத்தான் செய்தார். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வாயாடிக்கு வயிற்று வலி வந்தது. சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தெரிந்த சொற்களெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடமிருந்து கழன்று போயின. ‘பந்து’ போயிற்று, ‘நாய்’ போயிற்று, ‘மாமா’வும் போயிற்று. ‘அம்மா’ மட்டும் மிஞ்சியது, அதுவும் அழும்போது மட்டும். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ இருந்தான். தங்கை அண்ணனைக் கூட்டிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் ஓடினாள். இரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து மருத்துவர் அம்மாளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

“குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. நிறையவே இருக்கு. வீட்டுல பழைய பெயின்ட் உரிஞ்சு கிடக்கா?”

“இல்ல டாக்டர். போன வருஷம்தான் எல்லாத்தையும் சுரண்டி அடிச்சோம். அப்பக்கூட இவளைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுல போய் இருந்தேன்.”

“தண்ணி?”

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தண்ணியப் பத்திக் கவலையே வேணாம் டாக்டர். எங்கண்ணன்தான் சோதிக்கிறாரு. இதோ நிக்கிறாரே! அதோட நான் பத்து நிமிஷம் கொதிக்க வச்சுத்தான் இவளுக்குப் பால்பவுடரே கலக்குவேன். விடிஞ்சதும் முதல் வேலை அதான்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “கொதிச்சாக் கிருமிதான்மா சாகும், ஈயம் சாகாது. தண்ணி வத்த வத்த மிச்சத் தண்ணியில ஈயம் கூடத்தான் செய்யும்.”

அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடிந்ததும் முதல் தண்ணீர். அதைப் பத்து நிமிடம் வற்ற வைத்து, புட்டியில் ஊற்றி, பிறந்த நாளிலிருந்து! அன்றைக்குச் சாயங்காலமே தங்கையிடம் சொன்னார்: “நாளைக்கு நான் வர்றவரைக்கும் எந்தக் குழாயையும் திறக்காத.”

விடியற்காலையில் போனார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைக் குழாய் வாயோடு வைத்துத் திறந்து, விழுந்த முதல் சொட்டிலிருந்து பிடித்தார். பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்தது. நாற்றம் இல்லை, நிறம் இல்லை. ஆய்வுக்கூடத்துப் பெண் மறுநாள் போன் செய்தாள்.

“சார், இது எந்தத் தொழிற்சாலைத் தண்ணி?”

“குடிக்கிற தண்ணிம்மா. எவ்வளவு?”

“லிட்டருக்கு எழுபத்தாறு மைக்ரோகிராம். வரம்பு பத்துதானே சார்?”

போன முறை அதே குழாயில் அவர் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரில் இரண்டு. ஐந்து நிமிடம் பொறுத்தால் இரண்டு. பொறுக்காத வீட்டுக்கு எழுபத்தாறு.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரி அம்மாளிடம் போனார். அவர் எரிந்து விழவில்லை. நாற்காலியைக் காட்டினார், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்தார்.

“ஓடவிடாம எடுத்தது விதிப்படி செல்லாதுங்க. சரி, உங்களுக்காகச் சேர்த்தே பாக்குறேன். மத்த ஒம்போது வீட்டுலயும் ரெண்டு ரெண்டு, அது பதினெட்டு. இது எழுபத்தாறு. ஆக மொத்தம் தொண்ணூத்தி நாலு. பத்தால வகுத்தா ஒம்போது புள்ளி நாலு.” கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாத்தீங்களா, பத்துக்குள்ளதான் இருக்கு. நானே பயந்துட்டேன்.”

“மேடம், சராசரியை யாரும் குடிக்கிறதில்ல.”

“எனக்குப் புரியாம இல்ல. அந்தத் தெருவுல குழாய் மாத்துற வேலை அடுத்த திட்டத்துல இருக்கு.”

“எப்ப வரும் திட்டம்?”

“வந்தாத்தான் தெரியும். அதுக்குள்ள நீங்க இதை வெளிய சொல்லி ஊரைக் கலவரப்படுத்தாதீங்க. உங்க சர்வீஸையும் பாத்துக்குங்க.” மூன்று மாத அறிக்கையை நகர்த்தி வைத்தார். எல்லாம் வரம்புக்குள், நீர் பாதுகாப்பானது. கீழே மாதிரி எடுத்தவர் கையெழுத்து.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? போட்டார். பதினெட்டு வருடம் போட்ட கை, மறுக்க அதற்குத் தெரியவில்லை. அவரைத் திட்டுவது சுலபம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம்மில் எத்தனை பேர் எழுந்து வந்திருப்போம்?

ஒரு வாரம் அவரால் தூங்க முடியவில்லை. தங்கைக்கு மட்டும் ஈயத்தையும் மேடம் போட்ட கணக்கையும் சொல்லி, குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டார். வாயாடியை மறுபடி காட்டியபோது மருத்துவர், “இனிமே ஏறாமப் பாத்துக்கலாம். பேச்சுப் பயிற்சியும் குடுப்போம். ஆனா மூளைக்கு ஆனது ஆனதுதாங்க, அதைத் திருப்பி எடுக்க மருந்து இல்ல. குழந்தைங்க விஷயத்துல ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு கிடையாது. ரெண்டும் கூடாது, ஒண்ணும் கூடாது” என்றார். தங்கை அங்கே அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதாள். அவர் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இறங்கியதும் அவர் நேரே தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கே போகிறார் என்று புரியாமல் தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அது தையல்காரி வீடு. அவளுக்கு நிறைமாதம். மெஷினை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“வாங்க பாட்டில்காரரே! மறுபடியும் சோதனையா?”

“இல்லம்மா. குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேணாம். ஈயம் இருக்கு.”

தையல்காரி சிரித்தாள். “விளையாட உங்களுக்கு நான்தான் கிடைச்சேனா?” உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். வாரியம் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போன அறிக்கை. “நல்ல தண்ணின்னு போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து. இதை நம்புறதா, உங்களை நம்புறதா?”

“என் கையெழுத்துதான். அதை நம்பாதீங்க.”

அவள் சிரிப்பு போய்விட்டது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தாள். “போன வாரம் போட்டது. ஈயம் இருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடி போட்டீங்களா, தெரிஞ்சப்புறம் போட்டீங்களா?”

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் தெரியாத சேதி.

“தெரிஞ்சப்புறம்தான்” என்றார்.

“அடப்பாவி மனுஷா!” என்றாள் தையல்காரி. மெஷின் பக்கத்தில் அவள் பாதி குடித்து வைத்த தண்ணீர் இருந்தது. அதை அவள் பார்த்தாள். வயிற்றின் மேலிருந்த கையை அப்படியே அழுத்திக்கொண்டாள்.

தங்கை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அண்ணனைப் பார்க்காமலே பேசினாள்.

“அக்கா, காகிதத்துல கணக்குத் தப்பில்ல. ஊர்த் தண்ணியெல்லாம் கூட்டி வகுத்தா நல்ல தண்ணிதான். ஆனா எம்பொண்ணு ஊர்த் தண்ணியக் குடிக்கல, எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியக் குடிச்சா. இனிமே எவன் வந்து வரம்புக்குள்ள இருக்குன்னு சொன்னாலும் கேளுங்க. யாரு வீட்டுக் குழாயில பிடிச்சீங்க, எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க, எவ்வளவு நேரம் ஓடவிட்டீங்கன்னு கேளுங்க. கேட்டா அவங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். எங்கூடப் பொறந்தவன் சொல்றானேன்னு நான் ஒரு வார்த்தை கேக்காம விட்டேன்.”