ராத்திரி மாத்திரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவனுக்குப் 'பிரேக்கு' என்று பெயர் வைத்தது அவனிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். தன் பக்கத்தில் இருக்கும் உபரி பிரேக்கைத் தொட்டதற்கெல்லாம் மிதிப்பான். வண்டி நகர்ந்தால் மிதிப்பான், நகரப் பார்த்தாலும் மிதிப்பான். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள், ஒரே ஒரு தடவை விட்டால் போதும், கதை முடிந்தது என்று நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்வான். அப்படிப்பட்ட ஆசாமி வீட்டுக்கு வந்ததும் ராத்திரி மாத்திரையைத் தொடாமல் படுத்துவிடுவான் என்றால் யார் நம்புவார்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அவன் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு வாயும் வராது. தையல் கடையில் யாருடைய சட்டைக்கோ பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள், விஷயத்தைக் கேட்டாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், "என்கிட்ட ரெண்டு இருக்குல்ல" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. அவன் உடம்புக்குள் போன அந்தச் சிறுநீரகத்துக்கு 'நம்மாளு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். நம்மாளு எப்படி இருக்கான், நம்மாளுக்குத் தண்ணி குடுத்தியா என்று முதலில் அந்தச் சிறுநீரகத்தைத்தான் விசாரிப்பாள். தம்பியின் நலம் அப்புறம்.

வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு அடித்துத் துரத்தாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று, உயிர் உள்ளவரைக்கும். ஏதோ ஓர் உதவித் திட்டத்தில் இரண்டரை வருடம் சும்மா கிடைத்தது. திட்டம் முடிந்ததும் வெளிக் கடையில் விலை கேட்டான். யானை விலை சொன்னார்கள். அக்காவிடம் சொன்னால் தையல் மிஷினை விற்றாவது வாங்கித் தருவாள் என்பது அவனுக்குத் தெரியும். உடம்பில் பாதியைக் கொடுத்தவளிடம் மறுபடியும் போய் எந்த முகத்தோடு நிற்பது? யோசித்துப் பார்த்து, ராத்திரி மாத்திரைக்கு விடை கொடுத்துவிட்டான். ஐந்து மாதமாக ஒருவருக்கும் தெரியாது.

பரிசோதனை நாளை எப்படிச் சமாளித்தான் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். ரத்தம் கொடுக்க வரும் காலையில் மாத்திரை போடாமல் வரவேண்டும், கொடுத்த பிறகுதான் போட்டுக்கொள்ள வேண்டும். முந்தின வேளை மருந்து உடம்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. பிரேக்கு என்ன செய்வானென்றால், இரண்டு நாள் முன்பிருந்தே நல்ல பிள்ளையாக இரண்டு வேளையும் போடுவான். அன்று காலையும் ஒன்றை விழுங்கிவிட்டு, இன்னும் போடவில்லை என்று கூசாமல் சொல்லிக் கையை நீட்டுவான். எண் நன்றாக வந்துவிடும், அக்கா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள்.

இந்தத் தடவை மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்திலேயே ரத்தம் எடுத்துவிட்டதால் எண் அளவுக்கு மீறி நன்றாக வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து வந்த முடிவை டாக்டரம்மா இரண்டு முறை படித்தாள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏகத்துக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கிரியாட்டினினும் கூடியிருந்தது.

"மருந்தே ஜாஸ்தியாகி கிட்னியை அடிக்குதுன்னு நினைக்கிறேன். டோஸைப் பாதியாக் குறைச்சிடலாம்" என்று பேனாவை எடுத்தாள்.

பிரேக்குக்கு முதலில் தோன்றியது என்னவென்று சொன்னால் நீங்கள் திட்டுவீர்கள். பாதிச் செலவு மிச்சம் என்றுதான் தோன்றியது. பக்கத்து நாற்காலியில் அக்கா, டோஸ் குறைகிறது என்பதை மட்டும் காதில் வாங்கிப் பூரித்துப்போய், நம்மாளு சமத்து, கொஞ்சம் மருந்திலேயே பிழைத்துக்கொள்கிறான் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஏற்கெனவே பாதிதான் போடுகிறான். அதிலும் பாதி என்றால் நம்மாளைத் தன் கையாலேயே வெளியே தள்ளுவதுதான். பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. மேஜைக்கு அடியில் அவனுடைய கால் தரையை ஓங்கி அழுத்தியது.

"எழுதாதீங்க டாக்டர்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ராத்திரி மாத்திரை, ஐந்து மாதம், பரிசோதனை நாள் தில்லுமுல்லு, ஒன்றையும் விடவில்லை. அக்காவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அக்கா ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தான். அவள் குரலே எழும்பவில்லை.

"கிட்னியை வாங்கிக்கிட்டப்போ வராத வெக்கம், மாத்திரைக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு?"

அழுகைதான் வந்தது, அழுதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. இந்தச் சீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த தடவை வரும்போது காப்பாற்ற ஒன்றும் இருந்திருக்காது என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குப் போன் போட்டாள். மருந்தகத்துக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடி வந்து, இதே மருந்தை இன்னொரு கம்பெனியும் போடுகிறது, விலை மூன்றில் ஒரு பங்குதான் என்றார். டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், மாற்றிய ஒரு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும், மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஐந்து மாதமாக இதே மருந்தகத்து வாசலில்தான் அவன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் காலை நிஜமாகவே மாத்திரை போடாமல் வந்து ரத்தம் கொடுத்தான். முந்தின ராத்திரி ஒன்று போட்டது போதவில்லை, மருந்தின் அளவு பாதாளத்தில் கிடந்தது. உடம்பு நம்மாளைத் துரத்த ஆரம்பித்திருந்தது. உடனே படுக்கவைத்து மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த மூன்று நாளும் அக்கா கடையைத் திறக்கவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து, அவனுடைய வயிற்றைப் பார்த்துப் பேசினாளே தவிர அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நாலாம் நாள் கிரியாட்டினின் இறங்கியது. தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பாடா, பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று பிரேக்குக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா வேறொரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "கிட்னி குடுத்தவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கணும்னு சொன்னேனேம்மா. நீங்க கடைசியா எப்போ வந்தீங்க?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். போன வருடம் வந்ததாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் வருடம் ஒரு தடவை வந்ததோடு சரி என்று ஃபைல் சொன்னது.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நான் வந்தா இவன் பீஸை நான்தான் கட்டுவேன்னு முன்னாடி போய் நிப்பான். அவனுக்கு மாத்திரைச் செலவே தலைக்கு மேல இருக்கும்."

அவளைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் பிரேக்குக்கு வந்தது. அதை விட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் அவள் பெயருக்குச் சீட்டு எழுதி வாங்கினான். வேண்டாம்டா வேண்டாம்டா என்றவளைக் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தான்.

நர்ஸ் கையில் பட்டையைக் கட்டியதும் அக்கா முகத்தைத் திருப்பித் தம்பியின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"ஊசிக்கா பயப்படுறே? கிட்னி குடுக்கிறப்போ சிரிச்சுக்கிட்டே போனியே."

"அன்னிக்கும் பயம்தான்டா. நீ பாத்துடக் கூடாதுன்னு சிரிச்சேன்."

ரத்தம் எடுத்து முடித்த நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிரேக்கு அக்காவின் கையை விடவில்லை.